பொன் கடிகாரம் இடக்கைக்குப் போன கதை

கைகளுக்குப் பேச்சு இருந்த காலம் அது. இப்போதுபோல் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கிற சாதுக்கள் அல்ல. அதிலும் வலக்கைக்கு வாய் நீளம். சோறு பிசைவது நான், சலாம் வைப்பது நான், மோதிரமும் எனக்குத்தான் என்று எந்நேரமும் பீற்றிக்கொள்ளும். இடக்கைக்குக் கிடைத்ததெல்லாம் யாரும் வெளியே சொல்லாத வேலைகள்தான்.

கீழக்கரையில் கப்பலோட்டிய உதுமான் மரைக்காயரின் கைகளும் அப்படித்தான். அவரிடம் சீமையிலிருந்து வந்த பொன் கடிகாரம் ஒன்று இருந்தது. மூடியில் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கும். சங்கிலியில் கோத்துச் சட்டைப்பையில் போட்டிருப்பார். துறைமுகத்தில் அதை எடுத்துத் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அது அவருக்குப் பிடிக்கும், யாருக்குத்தான் பிடிக்காது? அதைத் தொடும் உரிமை வலக்கைக்கு மட்டும்தான். ஒருமுறை இடக்கை ஆசையாக நீண்டபோது, உனக்கெதுக்கு இதெல்லாம் என்று வலக்கை தட்டிவிட்டது. மரைக்காயரும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு மழைக்காலத்தில் சரக்கோடு திரும்பும்போது கரைக்கருகே புயல் பிடித்துக்கொண்டது. பட்டப்பகலிலேயே வானம் கறுத்துவிட்டது. முன்னால் மணல்திட்டு. கடல் ஏற்றத்தில் நீர் உயர்ந்து நிற்கும் சற்று நேரத்தில்தான் கப்பல் அதைத் தாண்ட முடியும்; அது எத்தனை மணிக்கு என்பது மரைக்காயருக்குத் தெரியும். முந்தினாலும் பிந்தினாலும் தரைதட்டி, அத்தனை பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். அந்த இருட்டில் நேரம் சொல்லக் கடிகாரத்தை விட்டால் வேறு வழியில்லை.

மரைக்காயர் இரு கைகளாலும் சுக்கானைப் பிடித்திருந்தார். நேரம் பார்க்க வலக்கை கடிகாரத்தை வெளியே எடுத்ததுதான் தாமதம், கப்பல் சாய்ந்தது. சங்கிலி அறுந்து கடிகாரம் கடலைப் பார்த்துப் பறந்தது. இடக்கை யாரையும் கேட்கவில்லை. பாய்ந்து பிடித்துவிட்டது. அறுந்த சங்கிலி உள்ளங்கையைக் கிழித்தும் விடவில்லை.

"சுக்கானுக்கு நீயும் வேணுமே. கடியாரத்த என்ன செய்ய?" என்று பதறியது வலக்கை.

"என் மேலயே கட்டிப் போடு," என்றது இடக்கை. "வேலையப் பாப்போம்."

மரைக்காயர் சுக்கானுக்கு மார்பால் முட்டுக்கொடுத்தார். அதுவரை இடக்கைக்கு ஒரு துரும்பைக்கூட எடுத்துக் கொடுக்காத வலக்கை, தலைத்துணியைக் கிழித்துக் கடிகாரத்தை மூடி திறந்தபடி அதன் மணிக்கட்டில் வைத்துச் சுற்றியது. ஒரு முனையை மரைக்காயர் பல்லால் இழுக்க, முடிச்சு விழுந்தது. பிறகு இரு கைகளும் சுக்கானில், நேரம் கண்ணெதிரே. உரிய நேரத்தில் திருப்பினார். கப்பல் திட்டைத் தாண்டியது.

கரையில் ஆட்கள் பெற்ற பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மரைக்காயர் ரத்தம் உறைந்த இடக்கையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதார். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த கைக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாளே கடிகாரத்துக்குத் தோல்வார் தைத்து வாங்கி வந்தார்.

மனைவி சுலைகாவுக்கு ஆச்சரியம். "தங்கத்த இந்தக் கையிலயா கட்டப் போறீக, மச்சான்?"

"இந்தக் கை இல்லேன்னா கட்டுறதுக்கு நானே இல்லையே," என்றார் மரைக்காயர்.

வாரை மாட்ட வலக்கை தானாக முன்வந்தது. கட்டிவிடுவதும் சாவி கொடுப்பதும் இனி தன் பொறுப்பு என்றது. அதற்கு மேல் அது பீற்றிக்கொள்ளவில்லை.

நேரம் பார்க்க ஆயிரம் வழி வந்த பிறகும், எவ்வளவு விலையுயர்ந்த கடிகாரமானாலும் அது இடக்கைக்குப் போவதும், வலக்கையே அதைக் கட்டிவிடுவதும் அன்று முதல்தான்.