கலங்கல் வந்தால் நில்

"குருவே, எனக்கு அழுகை வரமாட்டேன் என்கிறது" என்றார் சிகாமணி.

"இன்னொரு தடவை குருவேன்னு கூப்பிட்டா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிடுவேன்" என்றார் குரு.

பிடுங்கக்கூடியவர்தான். செங்கல்பட்டில் பல் டாக்டர். பெயர் ஜெசிந்தா.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றுகிற ஒரு கூட்டம் இருந்தது. பாதிப் பேருக்குத் தொப்பை. எல்லோருக்கும் இறுக்கமான டவுசர். அந்தக் கூட்டத்துக்கு ரூட் போட்டுக் கொடுப்பவர் டாக்டர். அவரைவிட மிக மூத்தவர்களும் அவரைக் குரு என்றார்கள். முதலில் கிண்டலுக்கு. அப்புறம் கிண்டல் கழன்று விழுந்துவிட்டது, குரு மட்டும் தங்கிவிட்டது.

வாரம் முழுக்க வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களோடு தனியாகப் பேசித் தீர்த்துவிடுவதாலோ என்னவோ, ஞாயிறன்று அவர் பேசுவது குறைவு. ரூட்டைக்கூட ஒரே மூச்சில் முடித்துவிடுவார். தாங்கல் தாண்டி இடது பக்கம், சித்தேரி மதகுகிட்ட மோர், மாட்டுக்கு வழி விடு. அவ்வளவுதான் வேதம்.

சிகாமணிக்குத் தாம்பரத்தில் டைல்ஸ் கடை. ஐம்பதை நெருங்குகிற வயது. அவர் தம்பி ஜெகன் போன கார்த்திகையில் நெடுங்கல் ஏரிக்கரை ரோட்டில் சைக்கிளோடு சரிந்தான். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணன், சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவர் அழவில்லை.

சுடுகாட்டில் அழவில்லை. காரியத்தன்று அழவில்லை. சொந்தக்காரர்கள் முதலில், பாவம் உறைஞ்சு போயிட்டான் என்றார்கள். பிறகு, கல்லு என்றார்கள். கடையில விக்கிற டைல்ஸை நெஞ்சிலயும் ஒட்டிக்கிட்டான் என்றாள் ஓர் அத்தை.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தம்பி மனைவி வாசுகி ஒன்றே ஒன்று கேட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் கடைசியாக என்ன சொன்னார்?

ஜெகன் ஏதோ சொன்னான் என்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் சிகாமணியே உளறிவிட்டார், இப்பதான் பேசினான், இப்பதான் பேசினான் என்று. என்ன பேசினான் என்பது மட்டும் வாயைத் தாண்டவில்லை. அவள் வீட்டுக்குப் போவார். வாயைத் திறப்பார். பாப்பா நல்லாப் படிக்கிறாளா என்று கேட்பார். காபி குடிப்பார். வந்துவிடுவார்.

கடைசியாகப் போனபோது வாசுகி காபி கொடுக்கவில்லை.

"மாசக் கடைசில தெவசம். அதைச் சொல்றதா இருந்தா வாங்க மாமா. இல்லேன்னா இனிமே என் வாசல்ல செருப்பைக் கழட்டாதீங்க."

இதையெல்லாம் டீக்கடை பெஞ்சில் வைத்து டாக்டரிடம் சொல்லிவிட்டு, மனசு அடங்குகிற மாதிரி ஒரு ரூட் வேண்டும் என்றார் சிகாமணி. ஏரி நிறைய, லாரி கொஞ்சமாக, மேடு இல்லாமல்.

ஜெகன் என்ன சொன்னான் என்று டாக்டரும் கேட்பார் என்று எதிர்பார்த்தார். டாக்டர் பொறையை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"நெடுங்கல் ஏரிக்கரை" என்றார்.

சிகாமணியின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. ஒரு வருஷமாக அந்தக் கூட்டமே தவிர்த்துவிட்டுச் சுற்றுவழியில் போகிற ரோடு அது.

"தனியாப் போங்க. கலங்கல் வந்தா நில்லுங்க. அதுக்கு முன்னாடி எங்கயும் நிக்காதீங்க."

"எனக்குத்தான் அது வரமாட்டேங்குதே டாக்டர்."

"அது எங்க போகும்? அங்கதான் இருக்கு."

"வரலைன்னா?"

"வரும்."

சிகாமணிக்கு மெய்சிலிர்த்தது. குரு என்றால் இப்படியல்லவா பேச வேண்டும்.

*

அடுத்த ஞாயிறு வானம் சாம்பலாக இருந்தது.

சிகாமணி தனியாகக் கிளம்பினார். போனில் வழி சொல்கிற பெண் குரலை அவர் ஒரு வருஷமாக அணைத்தே வைத்திருந்தார். காரணம் யாருக்கும் தெரியாது.

சைக்கிளில் போகும்போது முன்பெல்லாம் போன் தேவைப்பட்டதே இல்லை. பின்னால் ஜெகன் வருவான். எல்லார் குரலிலும் வருவான். மேட்டில் மூச்சிரைக்கும்போது பல் டாக்டராக மாறி, லேசா வலிக்கும், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்பான். இறக்கத்தில் அண்ணனாகவே மாறி, மேடம் இது வழுக்காது மேடம், என் பொண்ணு வீட்டுக்கே இதைத்தான் போட்டேன் என்பான். சிகாமணிக்குப் பெண்ணே கிடையாது.

இப்போது பின்னால் டயர் சத்தம்கூட இல்லை. ஒரு சைக்கிளுக்கு ஒரு சத்தம்தான்.

நெடுங்கல் ஏரி முக்கால்வாசி நிறைந்திருந்தது. கரைமேல் ரோடு. இடது பக்கம் தண்ணீருக்குள் கருவேல மரங்கள் கழுத்தளவு நின்றன. வலது பக்கம், பள்ளத்தில், நடவுக்குக் காத்திருக்கும் வயல்களும் ஓர் ஊரும். பட்ட பனையில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்து, துணி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஜெகன் விழுந்த இடம் வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஓர் ஆட்டுப் புழுக்கைகூட இல்லை.

சிகாமணி தனக்குள் எட்டிப் பார்த்தார். கலங்கல் வருகிறதா? வரவில்லை. மிதித்தார்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ரோடு பள்ளமாக இறங்கி ஏறியது. அங்கே ஏரிப் பக்கம் ஒரு தாழ்ந்த கல் சுவர். அதன்மேல் மழைக்கோட்டு போட்ட யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிள்காரர்களின் வழக்கப்படி கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தாண்டிப் போனார்.

டீக்கடையில் வெகு நேரம் காத்திருந்தார். டாக்டர் நனைந்து வந்து சேர்ந்தார். மழைக்கோட்டைக் கழற்றி உதறினார்.

"நின்னீங்களா?"

"இல்லை டாக்டர். கலங்கல் வரவே இல்லை. துளிகூட. முழு ரோடும் முடிச்சுட்டேன்."

"என்னைத் தாண்டித்தானே போனீங்க. கையெல்லாம் ஆட்டினீங்க."

"நீங்கதான்னு தெரிஞ்சிருந்தாலும் நின்னிருக்க மாட்டேன். கலங்கல் வந்தாத்தான் நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

டாக்டர் அவரையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"வர்ற ஞாயிறு மறுபடியும் போங்க" என்றார்.

*

அந்த வாரம் முழுக்க மழை கொட்டியது. கடைக்கு ஆள் வரவில்லை. சிகாமணி கல்லாவில் உட்கார்ந்து கலங்கப் பழகினார்.

மாலை போட்ட போட்டோவை நினைத்தார். வரவில்லை. ஜெகனைத் தூக்கியபோது ஒரு ஷூ மட்டும் பெடலிலேயே மாட்டிக்கொண்டு நின்றதே, அதை நினைத்தார். தொண்டை வரைக்கும் ஏதோ வந்தது. வந்த வழியே இறங்கிவிட்டது. முகத்தைக் கோணிப் பார்த்தார். கடைப் பையன், அண்ணே ஏப்பம் வரலையா, சோடா வாங்கியாரவா என்று கேட்டான்.

ஞாயிறன்று தூறிக்கொண்டிருந்தது. தெவசத்துக்கு முன் அதுதான் கடைசி ஞாயிறு.

ஏரி ததும்பியது. கருவேல மரங்களில் உச்சிக்கிளை மட்டும் வெளியே தெரிந்தது. நீர்க்காகத்தைக் காணவில்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் கரை முழுவதும் தளப் தளப் என்று தண்ணீர் அறைந்தது. வலது பக்கம் பள்ளத்தில் ஊர் அப்படியே இருந்தது. ஒரு வீட்டில் புகை.

ஜெகன் விழுந்த இடத்தைத் தாண்டினார். எட்டிப் பார்த்தார். வரவில்லை.

சரி, நான் கல்லுதான் என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்து வேகமாக மிதித்தார்.

"ஏ சைக்கிளு. எங்க போற?"

எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் ரோட்டை மறித்து நின்றாள். தலையில் உரச் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தாள்.

"கலங்கல் வந்துடுச்சி. நில்லு."

சிகாமணி பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் வழுக்கி, எருமையின் மேல் சாய்ந்து நின்றது. எருமை நகரவில்லை.

"என்ன வந்துடுச்சு?"

"கலங்கல்ய்யா. ஏரி ரொம்பினா வழியற எடம். வழிஞ்சு போவுது, கண்ணு தெரியல?"

ரோடு பள்ளமாக இறங்கும் அந்த இடத்தில் ரோடே இல்லை. போன வாரம் டாக்டர் உட்கார்ந்திருந்த தாழ்ந்த கல் சுவரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஏரி, கண்ணாடி வளைந்த மாதிரி வழிந்து, ரோட்டின் மேல் விழுந்து, வெள்ளையாகக் கத்திக்கொண்டு வாய்க்காலுக்குள் ஓடியது.

சிகாமணி கரையைப் பார்த்தார். வந்த வழி முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் கரை. இங்கே மட்டும் யாரோ வேண்டுமென்றே தாழ்த்திக் கட்டியிருக்கிறார்கள். கட்டடச் சாமான் விற்கிறவருக்கு அது தப்பாகத் தெரிந்தது.

இதையும் ஏற்றிக் கட்டியிருந்தால் இவ்வளவு தண்ணீர் வீணாகாதே என்றார்.

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஹெல்மெட்டையும் டவுசரையும் பார்த்தாள். பிறகு பள்ளத்தில் புகைகிற வீட்டைப் பார்த்தாள்.

"கட்டித்தான் பாரேன்" என்றாள். எருமைகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சிகாமணி நின்றார்.

தண்ணீருக்கு அந்தப் பக்கம், மழைக்கோட்டோடு டாக்டர் நின்றிருந்தார். சைக்கிளைப் பனையில் சாய்த்திருந்தார்.

சிகாமணி ஏதோ கத்தினார். அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. டாக்டர் காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார்.

பிறகு டாக்டர் ஒரு காரியம் செய்தார். தன் வாயைத் தானே அகலமாகத் திறந்தார். ஒரு விரலால் அதைச் சுட்டிக் காட்டினார். கிளினிக்கில் நாற்காலியைச் சாய்த்துவிட்டு, பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்களுக்குக் காட்டுவாரே, அதே மாதிரி.

ஆ.

சிகாமணியின் வாய் தானாகத் திறந்தது.

ஒரு வருஷமாக உள்ளே கிடந்தது வெளியே வந்தது. அது முதலில் வார்த்தையாக இல்லை. பிறகு வார்த்தையாக ஆனது. தண்ணீர்ச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் கைப்பிடியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நிமிர்ந்தபோது எதிரே பனை மட்டும் நின்றது. சைக்கிளும் இல்லை, டாக்டரும் இல்லை.

*

வாசுகி கதவைத் திறந்தாள்.

வாசலில் மாமா நின்றிருந்தார். தலை முதல் கால் வரை சேறு. கண் இரண்டும் வீங்கியிருந்தன. இரும்பு வைத்த சைக்கிள் ஷூவைக் கழற்றவில்லை.

"தெவசம் வெள்ளிக்கிழமை" என்றாள்.

"அதுவரைக்கும் தாங்காதும்மா."

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"கரைமேல போயிட்டிருந்தோம். போன்ல வழி சொல்லுமே ஒரு பொம்பளை, அந்தக் குரல்ல பேசினான். முடிந்தால் திரும்பவும்னான். ரெண்டு தடவை சொன்னான். நெஜமாவே திரும்பிடலாம்னு சொன்னானா, வெளையாட்டுக்குச் சொன்னானா, எனக்குத் தெரியலம்மா. இன்னிவரைக்கும் தெரியல. நான் சிரிச்சுட்டேன். சிரிச்சுக்கிட்டே மிதிச்சேன்."

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்தக் குரல்லயா சொன்னாரு?"

"ஆமா."

"சொல்லிக் காட்டுங்க."

சிகாமணி வாழ்நாளில் யார் குரலிலும் பேசியதில்லை. தொண்டையைச் செருமினார். மூக்கு அடைத்திருந்தது. கீச்சென்று ஒரு குரல் கிளம்பி நடுவில் உடைந்தது.

"முடிந்தால் திரும்பவும்."

வாசுகியின் உதடு துடித்தது. சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"அவருக்கு இன்னும் நல்லா வரும்" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் கதவை முழுக்கத் திறந்தாள். அவர் காலைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க மாமா."