எந்தக் கால்?

"ஒரு ஊசி போட்டா எத்தனை நாள் தாங்கும் தாயி?"

உட்காரும் முன்பே இருளப்பன் கேட்டார். உட்காரவும் முடியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நின்றார்.

ஜெனிட்டா ஊசி போடுகிறவள் இல்லை. பிசியோதெரபி படித்தவள். வயது இருபத்தாறு. விருதுநகரில், மாவு மில்லுக்கும் செல்போன் கடைக்கும் நடுவே அவளுக்கு ஒரே ஒரு அறை. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஊசிதான் கேட்டார்கள்.

"எதுக்கு ஊசி?"

"இடுப்பு பிடிச்சிருச்சு."

"அது தெரியுது. ஊசி போட்டுட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"தூக்கணும்."

"எதை?"

"என் வீட்டுக்காரிய."

எட்டு மாதம் முன்னால் அவர் மனைவி சீனியம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூஸுக்கு, திரும்பக் கட்டிலுக்கு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. இருளப்பன்தான் தூக்கினார். வேறு யாரையும் தொட விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை என் மகன் கார் எடுத்துட்டு வாரான். அவளைத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயி ஏதோ ஹோம்ல விடப்போறானாம். உனக்கே இடுப்பு போச்சு, இனி அம்மாவ யாருப்பா பாப்பான்னு கேக்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போனை வச்சிட்டேன்."

அன்றைக்குச் செவ்வாய்.

ஜெனிட்டா அவரைப் படுக்க வைத்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். வலி காலுக்கு இறங்குதா, மரத்துப் போகுதா என்று கேட்டாள். இல்லை என்றார். மெதுவாக எழுப்பி விட்டு, ஒரு தலையணையைத் தரையில் போட்டாள்.

"என்ன வேலை பாத்தீங்க?"

"லோடுமேன். பருப்புக் கிட்டங்கியில. முப்பத்திரண்டு வருஷம். ஒரு மூட்டையக் கீழ போட்டதில்ல."

"இது மூட்டைன்னு வச்சுக்கங்க. தூக்குங்க."

"இதையா?"

"தூக்குங்கய்யா."

காலை அகட்டினார். முட்டியை மடக்கினார். முதுகு வளையவில்லை. தலையணையை நெஞ்சோடு அணைத்து எழுந்தார். பழக்கத்தில் 'ஹூம்' என்றுகூடச் சொன்னார். இடுப்பைத் திருகவில்லை. காலை மாற்றி வைத்துத்தான் திரும்பினார்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"செவத்தையா அண்ணன். தப்பாத் தூக்குனா குண்டியிலயே ஒன்னு விடுவாரு."

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காரு. ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப ஏன் பிடிச்சுது?"

ஜெனிட்டா தலையணையை வாங்கி வைத்தாள்.

"அம்மாவையும் இப்படித்தான் தூக்குவீங்களா?"

"பின்ன? கக்கத்துல ரெண்டு கையையும் குடுத்து, நெஞ்சோட சேத்து, ஒரே தூக்கு."

"வீட்டுக்குப் போங்க. சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க. தூக்கும்போது எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டு நாளைக்கு வாங்க."

"எனக்கு இடுப்புல வலிக்குது. அதான் சொன்னேன்ல."

"உங்களுக்கு இல்ல. அம்மாவுக்கு."

ஊசி கேட்டால் இது என்ன பதில்? இருளப்பனுக்கும் அப்படித்தான் தோன்றியது. முனகிக்கொண்டே போனார்.

*

"சீனி. நான் தூக்கும்போது உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

சீனியம்மாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கக்கத்துல."

"எந்தப் பக்கம்?"

"விழுந்த பக்கந்தான். தோளு கழண்டு உன் கையோட வந்துரும் போல இருக்கும்."

"எப்ப இருந்து?"

"நீ தூக்க ஆரம்பிச்சதுல இருந்து."

"எட்டு மாசமாவா? ஏன் சொல்லல?"

இப்போதுதான் அவள் திரும்பினாள்.

"தூக்கும்போது உன் மூஞ்சிய நீ பாத்திருக்கியா? அந்த மூஞ்சிகிட்டப் போயி என்னத்தச் சொல்ல?"

இருளப்பன் எழுந்து வாசலுக்குப் போனார். வாசலில் ஒன்றுமில்லை. திரும்பி வந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவளைத் தூக்க வேண்டியிருந்தது. கை வரவில்லை. தூக்காமல் இருக்கவும் முடியாது. தூக்கினார்.

இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தார்.

*

காலையில் ஜெனிட்டா அறையைத் திறந்தபோது அவர் வாசலில் நின்றார்.

"கேட்டீங்களா?"

தலையை ஆட்டினார்.

"என்ன சொன்னாங்க?"

தன் கக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

ஜெனிட்டா திறந்த பூட்டைத் திரும்பப் பூட்டினாள்.

"வாங்க போலாம்."

வீட்டில் சீனியம்மாள் நாற்காலியில் இருந்தாள். ஜெனிட்டா அவளுக்கு வணக்கம் சொன்னாள். ஆனால் அவளைத் தொட்டுப் பார்க்கவில்லை. இருளப்பனிடம்தான் திரும்பினாள்.

"அய்யா, கட்டில்ல உக்காருங்க. இப்ப நீங்கதான் அம்மா. வலது கை, வலது கால் வேலை செய்யாது. அம்மா, நீங்க வேடிக்கை பாருங்க."

"அதைத்தான் எட்டு மாசமாப் பாக்குறேன்" என்றாள் சீனியம்மாள்.

ஜெனிட்டா அவர் கக்கத்தில் கை கொடுத்து மேலே இழுத்தாள்.

"காலை ஊனாதீங்க."

"நான் எங்க ஊனுனேன்?"

"ஊனுறீங்க."

குனிந்து பார்த்தார். இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"திரும்ப."

இழுத்தாள். திரும்பவும் அழுத்தியது.

"அது தானா ஊனுது தாயி. சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

"அம்மா கால் ஊனாதா?"

"அவளுக்குத்தான் கால் விழுந்துருச்சே!"

"எந்தக் கால்?"

இருளப்பன் நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

நாற்காலியில் சீனியம்மாள் இடது காலை நீட்டினாள். விரல்களை விரித்தாள், மடக்கினாள். அந்தக் கால் அங்கேதான் இருந்தது. எட்டு மாதமாக அங்கேயேதான் இருந்தது.

"நீ தூக்குற வேகத்துல இது தரையத் தொட்டாத்தான?" என்றாள். "பாப்பா, இவரு முப்பது வருஷமா மூட்டை தூக்குன ஆளு. மூட்டைக்குக் கால் இருந்தா அதுவா நடந்து லாரியில ஏறியிருக்கும். இவரு எதுக்கு?"

ஜெனிட்டா சிரித்துவிட்டாள். இருளப்பன் சிரிக்கவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. வேலை.

சீனியம்மாள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்தாள். ரெண்டு பாதமும் முட்டிக்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி. இருளப்பனின் துண்டு அவள் இடுப்பைச் சுற்றி.

"துண்டைப் பிடிங்க. கக்கத்தை மறந்துருங்க. விழுந்த கால் மடங்கிராம உங்க முட்டியால அண்டக் குடுங்க. அம்மா, முன்னால சாயணும். மூக்கு முட்டியத் தாண்டணும்."

"விழுந்துருவாளே?"

"நீங்கதான் முன்னால இருக்கீங்களே."

"எப்பத் தூக்கணும்?"

"தூக்கவே வேண்டாம்."

"பின்ன நான் எதுக்கு?"

"இருக்கிறதுக்கு."

இருளப்பனுக்கு இது பிடிக்கவில்லை. சீனியம்மாள் சாய்ந்தாள். அவள் பின்பக்கம் நாற்காலியை விட்டு எழும்பும் முன்பே அவர் தூக்கிவிட்டார். இடுப்பில் சுரீரென்றது. 'ஆ' என்றார்.

ஜெனிட்டா அவர் கையில் பட்டென்று ஒரு அடி போட்டாள்.

"செவத்தையா அண்ணன் மாதிரியே அடிக்கிறியே தாயி."

"அவரு அடிச்ச இடத்துல நான் அடிக்க முடியாது."

சீனியம்மாள் சிரித்ததில் நாற்காலி ஆடியது. இருளப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலியோடே சிரித்தார்.

திரும்ப முயன்றார்கள். நாலு விரற்கடை எழும்பினாள். பொத்தென்று உட்கார்ந்தாள். இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாளைக்கும் வருவியா தாயி?"

"வரமாட்டேன்."

"ஏன்?"

"வந்தா என்னையப் பாப்பீங்க."

"பின்ன யாரைப் பாக்கணும்?"

ஜெனிட்டா சீனியம்மாள் பக்கம் கையைக் காட்டினாள். ஞாயிறு வரைக்கும் கக்கூஸுக்குத் துணைக்கு நிற்கப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிவிட்டுப் போனாள். இருளப்பன் அதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம்.

வியாழன், ஒரு சாண். வெள்ளி, அதே ஒரு சாண். இருளப்பனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவளுக்கும் வந்தது. அவர் மேல்தான்.

"இழுக்காத!"

"இழுக்கலடி."

"இழுக்குற. உன் கை சொல்லுது."

"பயமா இருக்கு சீனி."

"விழுறது நான். உனக்கென்ன பயம்?"

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நல்ல கையால் அவர் தோளைப் பிடித்தாள்.

"சரி. இன்னொரு வாட்டி."

சனிக்கிழமை மத்தியானம் அவள் நின்றாள்.

எட்டு மாதமாக அவள் முகத்தை அவர் குனிந்துதான் பார்த்தார். இப்போது அது நேருக்கு நேர் இருந்தது. மூச்சு வாங்கியது. மூக்குத்தியில் வியர்வை.

"ஏய்யா," என்றாள், "நீ குட்டையாயிட்ட."

*

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கார் வந்தது.

மகன் காளிராஜ் கெட்டவன் இல்லை. பயந்தவன். அம்மாவுக்கு ரெண்டு புது நைட்டி, ஒரு கம்பளி, ஹோமில் கொடுத்த படிவம், எல்லாம் ஒரு பையில் வைத்திருந்தான். வந்ததும் அழுதான். அழுது முடித்ததும் வேலையைப் பார்த்தான்.

"வெயில் உச்சிக்கு ஏறுமுன்ன கெளம்பிரலாம்ப்பா. நான் தூக்கிக்கிறேன். நீ இடுப்ப அலட்டிக்காத."

குனிந்து அம்மாவின் கக்கத்தில் கையைக் கொடுக்கப் போனான்.

இருளப்பன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அங்க தொடாத."

"மெதுவாத்தாம்ப்பா..."

"தொடாதன்னேன்."

மகன் விலகினான். அப்பா இவ்வளவு மெல்லப் பேசி அவன் கேட்டதே இல்லை.

இருளப்பன் துண்டை எடுத்து அவள் இடுப்பில் சுற்றினார். விழுந்த காலுக்குத் தன் முட்டியை அண்டக் கொடுத்தார். பிறகு ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கழுத்து நரம்பில் தெரிந்தது.

சீனியம்மாள் நுனிக்கு வந்தாள். இடது பாதத்தை உள்ளே இழுத்தாள். முன்னால் சாய்ந்தாள். கால் நடுங்கியது. துண்டைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. இழுக்கவும் இல்லை.

எழுந்தாள்.

காளிராஜ் பையைக் கீழே வைத்தான்.

"அப்ப..." என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அப்ப கார்ல ஏத்துறது சுலபந்தான்."

"யாரு கார்ல ஏறப் போறா?" என்றாள் சீனியம்மாள். "நான் கக்கூஸுக்குப் போறேன். வழிய விட்டு நில்லுடா."