உச்சிவேளைச் சாட்சி

பாசன சங்கத் தலைவர் சபாபதி சொன்னால் வாய்க்காலே திரும்பும் என்பார்கள். மயிலாத்தாள் வயலுக்கு மட்டும் அது மூன்று வாரமாகத் திரும்பவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டாள்.

"உன்ற முறைத்தண்ணி வந்துட்டுத்தான் இருக்குது. சோயா வாடறது புழுவுனால. மருந்தடிக்காம எம்மேல பழி போடறியா? தண்ணி வரலேன்னு சாட்சி காட்டு. இல்லாட்டி உன் முறையை வேறாளுக்கு மாத்தீருவேன்" என்றார் தலைவர்.

"சாட்சி ரெண்டு ஏக்கருக்கு நிக்குதுங்க. ஆனா உச்சிவெயில்லதான் பேசும்."

வேடிக்கை பார்க்கச் சங்கமே மத்தியானம் வரப்பில் வந்து நின்றது. தாகம் தாங்காத சோயா, இலையைத் திருப்பி வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டும். வயலே வெளுத்துக் கிடந்தது. நடுவில் மட்டும் முழ அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு, வாய்க்காலில் தொடங்கி, நூல் பிடித்தாற்போல் தலைவரின் வாழைத்தோப்புக்குப் போனது.

"புழு கடிச்சா இலையில ஓட்டை இருக்கோணுமுங்களே?" என்றாள்.

தலைவர் குனிந்து தேடினார். இரண்டு ஓட்டை கிடைத்தது. "வெயில் கடுமையா இருக்குது, போலாம்" என்றார்.

மயிலாத்தாள் பச்சைக் கோட்டில் மண்வெட்டியால் நாலு கொத்து கொத்தினாள். கறுப்புக் குழாய் ஒன்று, நெடுகிலும் கசிந்துகொண்டே வெளியே வந்தது.

"நீங்க சொன்னது சரிதானுங்க தலைவரே, புழுதான். கொஞ்சம் நீளமான புழு. இதுக்கு என்ன மருந்துங்க அடிக்கறது?"