ஐந்து நட்சத்திரக் கல்லூரிக்குப் பொருத்தம் பார்த்த கதை

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் முழுசாக நம்பவில்லை. சொன்னவர் தளவாய் அண்ணாச்சி. கதையில் வரும் மூன்று மாமாக்களில் அவரும் ஒருவர். பொய் சொல்ல அவருக்கு அவசியம் இல்லை, அந்த அளவுக்கு யோசனையும் ஓடாது. ஆனாலும் ஓர் இடம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதுதான் ஞாபகம் வரும். கோளாறு கதையிலா, என் புத்தியிலா என்றுகூடக் குழம்பியிருக்கிறேன். அந்த இடத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கீழச்சுனையூரில் கோமதி என்று ஓர் அம்மாள். கணவர் இல்லை. ஒரே வீட்டில் கூட இருந்த தம்பிகள் மூன்று பேர்: சிவனணைஞ்சான், மந்திரம், தளவாய். ஒரே மகள் உலகம்மை, பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். அவளுக்கு மேலே படிக்க ஆசை. கோமதியம்மாள் ஒரு கெடு வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஏதாவது காலேஜ்ல சேர்ந்துட்டான்னா படிக்கட்டும். இல்லேன்னா சனிக்கிழமை காலையில பொண்ணு பார்க்க வரச் சொல்லிருவேன். மாமாமாரு பாடு, மருமக பாடு."

மாமாக்கள் மூன்று பேரும் தலைமையாசிரியையிடம் போய் யோசனை கேட்டார்கள். அந்த அம்மா நல்ல மாதிரி. பொறுமையாகச் சொன்னார்.

"உலகம்மை வாயே திறக்காத பிள்ளை. பெரிய காலேஜ்ல போட்டா தொலைஞ்சு போயிருவா. சின்னதா ஒரு கலைக் கல்லூரி பாருங்க. உங்க குடும்பத்துக்குன்னு கொள்கை இருக்கும்ல, அதுக்கும் ஒத்து வரணும். முக்கியமா, பிள்ளைக்கும் காலேஜுக்கும் பொருத்தம் இருக்கான்னு பார்த்துச் சேருங்க."

வெளியே வந்ததும் சிவனணைஞ்சான் சொன்னார்: "பொருத்தம் பார்க்கணும்னா ஜாதகத்தை எடுத்துட்டுப் போகணும்டே."

எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் டவுனில் இருந்த காலேஜுக்குப் போனார்கள். வாசலில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இது சின்னதா பெருசாண்ணே?" என்றார் மந்திரம்.

"பார்த்தா தெரியாதுடே. தொலைஞ்சு பார்த்தாத்தான் தெரியும்."

மந்திரம் தொலைவதற்காக உள்ளே போனார். மற்ற இருவரும் வகுப்பு வகுப்பாகத் தேடினார்கள். நூலகம், கேன்டீன், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தாகிவிட்டது. உலகம்மை வாசலிலேயே ஜாதகப் பையுடன் நின்றிருந்தாள். பொழுது சாயும் நேரம் ஆள் கிடைக்காமல் வீடு திரும்பினால், மந்திரம் சம்மணம் போட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"இங்க எப்பலே வந்தே?"

"மத்தியானமே வந்துட்டேன். நீங்க அங்க தேடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? தேடுற இடத்துலயே இருந்தா எப்படித் தொலையுறது?"

சிவனணைஞ்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். "எம்மாம் பெரிய காலேஜ்டே. நம்ம வீடு வரைக்கும் நீளுது. நமக்கு வேண்டாம்."

அன்று வியாழக்கிழமை. உலகம்மை விரலால் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் உலகம்மையையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் பஸ் ஏறினார்கள். பாதி வழியில்தான் தளவாய்க்கு ஞாபகம் வந்தது.

"அண்ணே, கொள்கைன்னு ஒண்ணு சொன்னாங்களே. நமக்கு அது இருக்கா?"

"அப்பா இருந்தப்ப இருந்துச்சு. அவர் போன பிறகு யார் எடுத்தாங்கன்னு தெரியலை."

"பாகம் பிரிக்கும்போது என் பங்குல வரலை," என்று மந்திரம் உடனே சொல்லிவிட்டார்.

கொள்கை இல்லாமல் போய் நின்றால் மரியாதையாக இருக்காது என்று மூவரும் கவலைப்பட்டார்கள். தளவாய்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். "மத்தியானம் சாப்பிட்டதும் படுக்கிறோமே, அது?"

"அது பழக்கம்டே."

"பழக்கம்னா விட்டிருப்போம்ணே. அம்மா செத்த அன்னைக்குக்கூட விடலையே."

சிவனணைஞ்சான் கண் கலங்கிவிட்டது. "அப்ப அது கொள்கைதான்."

கல்லூரி ஒரே ஒரு கட்டடம். முன்னால் ஒரு வேப்பமரம். மந்திரம் போய் மரத்துக்குப் பின்னால் தொலைந்தார். இந்தப் பக்கம் வயிறும் அந்தப் பக்கம் முதுகும் தெரிந்தன. சின்னக் கல்லூரிதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் முறைப்படி இருக்கட்டும் என்று இன்னும் பல இடங்களில் தொலைந்து பார்த்தார். மத்தியானம் கொள்கையும் குறுக்கே வந்தது. எழுந்து பார்த்தால் மணி நாலரை. ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

முதல்வர் ஞானசிகாமணி சாந்தமான மனிதர். மூன்று பேர் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கதம்பத்தோடு உள்ளே வந்ததும், ஏதோ கோயில் கொடைவிழாவுக்கு அழைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றார்.

"உக்காருங்க சம்பந்தி," என்றார் சிவனணைஞ்சான். "நட்சத்திரம் என்னன்னு சொன்னா நல்லாருக்கும்."

முதல்வருக்கு முகம் மலர்ந்தது. "டெல்லியிலேர்ந்து குழு வந்து பார்த்துட்டு அஞ்சு நட்சத்திரம் கொடுத்தாங்க."

மாமாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அஞ்சா?" மந்திரம் குரலைத் தாழ்த்தினார். "ஆளுக்கு ஒண்ணுதானேண்ணே கொடுப்பாங்க."

"பெரிய இடம் போலிருக்குடே. அஞ்சுல ஒண்ணு பொருந்தாமலா போகும்?"

அடுத்து குடும்பம் எப்படி என்று விசாரித்தார்கள்.

"எங்க காலேஜே ஒரு குடும்பம் மாதிரிதான்," என்றார் முதல்வர்.

"கூட்டுக் குடும்பமா?"

"ஆயிரம் பேர் ஒண்ணா இருக்கோம்."

"கறி வாங்குற அன்னைக்குத்தான் கஷ்டம்," என்று தளவாய் அனுதாபத்தோடு சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கொள்கையை எடுத்தார். "மத்தியானம் தூங்குறது உண்டா இங்க?"

முதல்வர் நேர்மையானவர். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "வரலாற்று வகுப்புல உண்டு."

எல்லாம் பொருந்திவிட்டது. மணி ஐந்தாகப் போகிறது. கிளார்க் சாவிக்கொத்தை எடுத்துவிட்டார். உலகம்மை சாவிக்கொத்தையே பார்த்தாள். சிவனணைஞ்சான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக் கும்பிட்டார்.

"ரொம்ப சந்தோஷம். ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டு லெட்டர் போடுறோம்."

"இன்னைக்குத்தானே கடைசி நாள்," என்றார் முதல்வர்.

"இருக்கட்டும். பார்த்த இடத்துலயே முடிவு சொல்றது நம்ம பக்கத்துல வழக்கம் இல்லை."

மாமாக்கள் வாசல் வரை வந்துவிட்டார்கள். அப்போதுதான் அந்த வாய் திறக்காத பிள்ளை வாயைத் திறந்தது. தலையைக் குனிந்து, கால் பெருவிரலால் தரையைக் கீறியபடி சொன்னது:

"மாமா, எனக்குப் பிடிச்சிருக்கு."

மூவரும் அப்படியே நின்றார்கள். பெண்ணே சொன்ன பிறகு பேச்சுக்கு இடம் ஏது? ஆனாலும் சிவனணைஞ்சான் முறை தவறாதவர். முதல்வர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எங்க பொண்ணைப் பிடிச்சிருக்கா?"

முதல்வர் மார்க் ஷீட்டை மேலும் கீழும் பார்த்தார். "ரொம்பப் பிடிச்சிருக்கு."

தட்டு மாறியது. கிளார்க் அவசர அவசரமாக ரசீது போட்டு முத்திரை குத்தினார். "சீட் கன்ஃபார்ம். இனிமே இந்த சீட் உங்களுது. வேற யாரும் எடுக்க முடியாது."

வெளியே வந்ததும் தளவாய்தான் கேட்டார்: "யாரும் எடுக்க முடியாதுன்னா, நாம எடுத்துரணும்லாண்ணே? இங்க விட்டுட்டுப் போறது என்ன நம்பிக்கை?"

உலகம்மையைப் பக்கத்தில் இருந்த பெண்கள் விடுதியில் விட்டார்கள். வகுப்பறையில் உறுதியாக இருந்த ஒரு நாற்காலியை ஆட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பஸ்ஸுக்கு மேலே ஏற்றிக் கயிறு கட்டினார்கள். ஊரில் கோமதியம்மாள் அதற்கு ஆரத்தி எடுத்து உள்ளே வைத்தாளாம்.

போன மாதம் தளவாய் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்காலி கூடத்தின் நடுவில் இருந்தது. சந்தனம், குங்குமம், காலையில் போட்ட கதம்பம். இத்தனை வருஷத்தில் அதில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை, அது மருமகள் சீட் என்றார் அண்ணாச்சி. உலகம்மை இப்போது அதே கல்லூரியில் வரலாறு நடத்துகிறாளாம். மத்தியான வகுப்புதான் கொடுத்திருக்கிறார்களாம்.

நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். பாய் விரித்திருந்தது. ஐந்து நட்சத்திரத்தை நான் நம்பினேன். வீடு வரைக்கும் நீண்ட காலேஜை நம்பினேன். கொள்கையை என்னால் நம்பாமல் இருக்கவே முடியாது. அந்த ஓர் இடம் மட்டும்தான் இடித்தது. நாற்காலி எதிரிலேயே இருந்ததால் எனக்கும் தைரியம் வந்தது. கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கக்கூடாது. சீட்டை நீங்க அன்னைக்கே தூக்கிட்டு வந்துட்டீங்க. அப்ப உலகம்மை அங்க மூணு வருஷமும் நின்னுக்கிட்டேவா படிச்சுது?"