தாகம் தெரியாத ஒலிவ மரம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடல் அரண்மனை வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன காலத்தில், முத்துத்துறை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதை அமுதவல்லி என்று ஒரு ராணி ஆண்டாள். அவளுக்குப் பொழிலன் என்று ஒரே மகன். ஒரே மகன் என்றால் கேட்கவா வேண்டும்? அவன் பசி என்று சொல்வதற்குள் தட்டு வரும். தாகம் என்று நினைப்பதற்குள் இளநீர் வரும். ராணியே எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடுவாள். பதினெட்டு வயசாகியும் அந்தப் பிள்ளைக்குத் தாகம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு மந்திரவாதி அரண்மனை வாசலுக்கு வந்தான். நடந்து நடந்து அவன் நாக்கு வறண்டிருந்தது.

"தம்பி, தாகமா இருக்கு. ஒரு வாய் தண்ணி" என்றான்.

"தாகமா? அது எப்படி இருக்கும்?" என்று பொழிலன் நிஜமாகவே புரியாமல் கேட்டான். கேட்டதோடு விட்டானா, சிரிக்கவும் சிரித்தான்.

மந்திரவாதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கைத்தடியால் தரையை மூன்று தட்டு தட்டினான். பொழிலன் நின்ற இடத்தில் ஒரு சின்ன மரம் நின்றது. மேலே பச்சையும் அடியில் வெள்ளியுமாக இலைகள். கடலுக்கு அப்பால் விளைகிற ஒலிவ மரம் அது. ராணி ஓடிவந்து காலில் விழவும் மந்திரவாதி கொஞ்சம் இளகினான்.

"தாகம் தெரிகிற நாளில் உன் மகன் திரும்புவான். அதற்குள் கடைசி இலையும் உதிர்ந்தால் திரும்ப மாட்டான்" என்று சொல்லிவிட்டு மறைந்துபோனான்.

பிள்ளையின் தாகம் நமக்குத் தெரிய வேண்டும், அதைத்தான் சொல்லியிருக்கிறான் என்று ராணி எடுத்துக்கொண்டாள். சபையும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. மரத்தைப் பெரிய பித்தளை அண்டாவில் வைத்தார்கள். கண் பட்டுவிடுமே என்று உள்ளறைக்குக் கொண்டுபோய் ஜன்னலுக்குக் கனமான திரை போட்டார்கள். அப்புறம் ஆரம்பித்தது உபசாரம்.

வைத்தியர் வந்தார். "பாவம், தாகமா இருக்கும்" என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். பத்து இலை உதிர்ந்தது. ஜோசியர் வந்தார். "பாவம், தாகமா இருக்கும்" என்று ஒரு குடம் பன்னீர் ஊற்றினார். இருபது இலை உதிர்ந்தது. மந்திரி வந்தார். "பாவம், தாகமா இருக்கும்" என்று ஒரு குடம் பால் ஊற்றினார். முப்பது இலை உதிர்ந்தது. எட்டிப் பார்க்க வந்தவர்கள்கூட ஆளுக்கொரு செம்பு ஊற்றாமல் போகவில்லை. உதிர உதிர ஊற்றினார்கள், ஊற்ற ஊற்ற உதிர்ந்தது. கடைசியில் மூன்றே மூன்று இலை மிஞ்சியது.

அன்றைக்கு அரண்மனைக்கு உப்பு கொண்டுவந்தவள் இசக்கி. உப்பளத்து வேலைக்காரி, வாய்த்துடுக்கு கொஞ்சம் உண்டு. "என்ன தாயி இந்த நாத்தம் நாறுது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, அண்டாவுக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தாள்.

"இது தாகத்துல சாகல தாயி. முங்கிச் சாகுது."

"தாகம் தெரியணும்னுதானே அந்த மந்திரவாதி சொன்னான்?" என்றாள் ராணி.

"யாருக்குத் தெரியணும்னு சொன்னாரு? உங்களுக்கா, உங்க மகனுக்கா?"

ராணி அண்டாவை விட்டு விலகி வழிவிட்டாள்.

இசக்கி அண்டாவைச் சாய்த்தாள். தண்ணீர் போக வழியில்லாமல் வேரெல்லாம் கறுத்து அழுகிக் கிடந்தது. அழுகினதை நறுக்கி எறிந்தாள். அடியில் ஓட்டை போட்ட மண்தொட்டியில் மணலும் சரளையும் கலந்து நிரப்பி, மரத்தை நட்டு, திரையைச் சுருட்டிவிட்டு ஜன்னலோரம் வைத்தாள்.

"இது கடலுக்கு அப்பால கல்லுக்காட்டுல நிக்குமாம், கப்பல்காரங்க சொல்லுவாக. உப்புக்கும் இதுக்கும் வெயில்தான் தாயி சாப்பாடு. விரலை ரெண்டு கணு உள்ள விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா செம்பைத் தொடக்கூடாது."

மூன்றாம் நாள் ஓர் இலை உதிர்ந்தது. "பாவம், தாகமா இருக்கும்" என்று ராணி செம்பை எடுத்தாள். விரலை விட்டாள். ஈரம். செம்பை வைத்துவிட்டாள். ஆறாம் நாள் இன்னோர் இலை உதிர்ந்தது. விரலை விட்டாள். ஈரம். செம்பை வைத்துவிட்டு அழுதாள்.

ஒன்பதாம் நாள் காலையில் கடைசி இலையின் ஓரம் சுருண்டது. ராணி செம்போடு ஓடிவந்தாள். பக்கத்தில் நின்ற இசக்கி அவள் கையைப் பிடிக்கவில்லை.

"தாயி, விரல்" என்றாள், அவ்வளவுதான்.

முதல் கணு வரை காய்ந்திருந்தது. இரண்டாவது கணுவில் இன்னும் சில்லென்று இருந்தது. ராணி செம்பைத் தள்ளி வைத்துவிட்டுத் தொட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உன்னைப் பெத்தப்போகூட எனக்கு இவ்வளவு வலிக்கலையேடா" என்றாள்.

வெயில் ஏறியது. தொட்டி சுட்டது. ராணி எழுந்திருக்கவில்லை. உச்சிப்பொழுதில் அந்த ஒற்றை இலை நடுங்கியது. உள்ளேயிருந்து வறண்ட குரல் ஒன்று வந்தது.

"அம்மா, எனக்குத் தாகமா இருக்கு."

ராணி விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாள். மண் அதை உறிஞ்சிக் குடித்தது. மிச்சம் அடி ஓட்டை வழியாகச் சொட்டியது. கிளை கிளையாகத் துளிர் வெடித்தது. தொட்டி இரண்டாகப் பிளந்தது. தலையெல்லாம் மணலோடு பொழிலன் உட்கார்ந்திருந்தான். ராணி அவனை வாரி அணைத்துக்கொண்டாள்.

அவன் முதலில் கேட்டது இதைத்தான்: "அம்மா, அந்த ஆளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

இசக்கிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். உப்பளத்தில் நிழலுக்குப் பந்தல் வேண்டும் என்றாள். பந்தலுக்குப் பொழிலனே கால் நட்டான். வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்தான். ராணி ஒரு கரண்டி சோறு வைத்தாள். இரண்டாவது கரண்டிக்கு அவள் கை தானாகவே போயிற்று. போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம்" என்றான் பொழிலன்.

அவன் வாய்விட்டுக் கேட்டு அவள் போட்ட முதல் சோறு அதுதான்.