படப்பிலிருந்து இறங்காத மாப்பிள்ளை

கோணங்குளத்தில் அண்ணன் தம்பி மூணு பேர். மாசானம், பூலுடையார், பலவேசம். மூணு பேருக்கும் சேர்த்து அரை மூளை என்பார்கள் ஊரில். அதுவே கொஞ்சம் அதிகம்.

கடைக்குட்டி பலவேசத்துக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா குத்தாலம் ஒரே கண்டிஷன்தான் போட்டார்.

"வீட்ல படப்பு இருந்தா பொண்ணு. இல்லேன்னா வேற இடம் பாருங்க. வெள்ளிக்கிழமை வந்து பாக்கேன்."

மூவரும் செங்கல் சூளையிலேயே வளர்ந்தவர்கள். படப்பு என்றால் என்னவென்றே தெரியாது. பால்காரர் கொம்பையாவிடம் கேட்டார்கள். அவர் சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார்.

"வைக்கோலை உசரமா அடுக்கணும்லே. மேல ஒரு ஆளு நின்னு மிதிச்சாத்தான் அது படப்பு. இல்லேன்னா வெறும் குப்பை."

அப்படியே செய்தார்கள். அண்ணன்மார் கீழிருந்து வைக்கோலை வீச, எடை குறைந்த பலவேசம் மேலே நின்று மிதித்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் படப்பு வீட்டுக் கூரையைவிட உயரமாக நின்றது. உண்மையிலேயே நல்ல படப்பு. சாப்பாட்டு ஞாபகம் வந்து பலவேசம் ஒரு காலைக் கீழே தொங்கவிட்டான்.

"ஏலே, நில்லு!" என்று மாசானம் கத்தினான். "நீ இறங்கிட்டா அது என்ன?"

"குப்பை."

"குப்பைக்கு எவம்லே பொண்ணு குடுப்பான்?"

பலவேசம் காலை மேலே இழுத்துக்கொண்டான்.

"அப்போ நீ ஏறுண்ணே."

"எனக்கு உசரம்னா கிறுகிறுன்னு வரும்."

பூலுடையார் நெடுநேரம் யோசித்தான். "நான் ஏறலாம். ஆனா மேல நிக்கவன்தான் மாப்பிள்ளைன்னு நெனச்சு எனக்குக் கட்டி வச்சுட்டா? எம் பொண்டாட்டி என்னைக் கொன்னே போட்ருவா."

அதற்குள் குத்தாலம் வந்துவிட்டார். படப்பைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"படப்பு சரி. மாப்பிள்ளை எங்க?"

"மேல."

"இறங்கச் சொல்லுங்க. வெத்தலை மாத்தணும்லா?"

"இறங்கினா படப்பு இருக்காதே மாமா!" என்று மாசானம் விஷயத்தை விளக்கினான்.

வேற ஆளாக இருந்தால் ரெண்டு அறை விட்டுவிட்டுப் போயிருப்பார். குத்தாலம் தலையாட்டினார்.

"நியாயந்தான். ஏணியைக் கொண்டாங்க."

வெற்றிலை மேலே மாறியது. கல்யாணமும் மேலேதான். தாலி கட்டியதும் குத்தாலம் கறாராகச் சொன்னார்.

"மாப்ளே, இறங்கிராதீரும். படப்பு போச்சுன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

பலவேசமும் புதுப்பெண் முத்துப்பேச்சியும் அங்கேயே குடித்தனம் நடத்தினார்கள்.

"மழை வந்தா என்ன செய்ய?" என்று அவள் கேட்டாள்.

"வைக்கோல்தான நனையும்? நமக்கென்ன?"

சீதனமாக வந்து கீழே கட்டியிருந்த பசுமாடு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தினமும் உருவி உருவித் தின்றது. ஆடி மாதம் வந்தபோது ஒரு துரும்பு மிச்சமில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வெறுந்தரையில் நின்றார்கள்.

குத்தாலம் பார்க்க வந்தார்.

"மாப்ளே, இறங்கிட்டீரா?"

"பேச்சி மேல சத்தியமா இறங்கல மாமா. வச்ச காலை எடுக்கல."

"அப்போ சரி. நானும் மேல வாரேன். ஏணி எங்க?"

மாசானம் ஓடிப்போய் ஏணியைக் கொண்டுவந்தான். சாத்த இடமில்லாததால் தரையில் படுக்கப் போட்டான். குத்தாலம் குப்புறப் படுத்து, ஒவ்வொரு படியாகப் பிடித்து ஊர்ந்தார்.

"கீழ பாக்காதீங்க மாமா!" என்று மூணு பேரும் அலறினார்கள். "தலை சுத்தும்!"