அவரைக்கொடி ஆசை

"அம்மா, எனக்கு ஒரு ஆசை இருக்குதுங்க. அதை அறுத்துக் குடுங்க" என்றாள் தெய்வானை.

மலையடிவாரக் குடிலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த வஞ்சியம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன ஆசைங்க அக்கா?"

"அவரைக்கொடி ஆசைங்க."

பொன்னாசை, மண்ணாசை என்று அழுதுகொண்டு அந்தக் குடிலுக்கு வந்தவர்கள் உண்டு. அவரைக்கொடிக்காக வைராக்கியம் கேட்டு யாரும் வந்ததில்லை. வஞ்சியம்மைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்டவளின் கண் கலங்கியிருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

குரு வஞ்சியம்மைக்கு வயது நாற்பது. சிஷ்யைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவை அம்மா என்பாள். அவர்களுக்கு இதில் குழப்பம் ஒன்றுமில்லை, கேட்கிறவர்களுக்குத்தான்.

தெய்வானை வீட்டின் பின்பக்கம் ஒரு காலத்தில் தொட்டி தொட்டியாகக் காய்கறி. காய்க்கடைக்காரருக்கு அவள் முகமே மறந்துபோயிருந்தது. அப்புறம் முடக்குவாதம் வந்தது. குணமாகுமா என்று கேட்டதற்கு, "கூடவே இருக்கும், பழகிக்கணும்" என்றார் டாக்டர். அது சில நாள் சும்மா விடும். சில நாள் தலை சீவச் சீப்பைக்கூடப் பிடிக்க விடாது.

"தோட்டத்தை விட்டு வருசக்கணக்கா ஆச்சுங்க" என்றாள் தெய்வானை. "ஆனா விதைக்கடையைத் தாண்டும்போது காலு தானா நின்னுக்குது. ஆசை மட்டும் போக மாட்டேங்குது."

வஞ்சியம்மை எழுந்து போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தாள். அவளிடம் நீட்டினாள்.

தெய்வானை இரண்டு கையாலும் வாங்கினாள். அன்றைக்கு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கிற நாள் இல்லை. சொம்பு நழுவிக் கீழே விழுந்தது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"ஐயோ!"

"இருக்கட்டும். சொம்பை விட்டீங்களா, விழுந்துச்சா?"

"விழுந்துருச்சுங்க."

"தோட்டம்?"

தெய்வானை துடைப்பதற்குத் துணியை எடுத்தாள். வஞ்சியம்மை அதை வாங்கித் தானே துடைத்தாள்.

"விழுந்ததுக்குப் போயி வைராக்கியம் கேக்கறீங்களே அக்கா. நாலு விதையை வாங்கி ஊனுங்க, போங்க."

"மாட்டேனுங்க!"

அந்தச் சாதுவான மனுஷியிடம் இவ்வளவு சத்தம் இருப்பது வஞ்சியம்மைக்கே அன்றுதான் தெரிந்தது.

"அப்படித்தானுங்க போன தடவையும். கொஞ்சம் தேவலையா இருக்குதேன்னு அவரையும் வெண்டையும் வெச்சேன். பிஞ்சு புடிக்கற நேரத்துல படுத்துட்டேன். அவருக்கு என்னைத் தூக்கி உக்கார வெக்கறதுக்கும் ஆஸ்பத்திரிக்கு அலையறதுக்குமே சரியாப் போச்சு. கட்டில்ல இருந்து பாத்தா ஜன்னல் வழியாத் தெரியுமுங்க. என் கண்ணு முன்னாடி ஒவ்வொண்ணா வாடுச்சு. பெத்த புள்ள தண்ணி கேட்டு அழுவறாப்பல இருந்துச்சு. ஒரு சொம்புத் தண்ணி ஊத்த என்னால முடியல."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"பாக்க முடியாம எல்லாத்தையும் புடுங்கிப் போடச் சொல்லிட்டேன். வேரு இன்னும் பச்சையா இருக்குது, விடுன்னு அவரு சொன்னாரு. நான் கேக்கல. ஜன்னலைச் சாத்துனவதான், அந்தப் பக்கமே போறதில்லைங்க."

வஞ்சியம்மை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீங்கிய மூட்டுகளில் படாமல் பார்த்துப் பிடித்தாள்.

"இப்ப வெச்சு, மறுபடியும் நான் படுத்துட்டா?" என்றாள் தெய்வானை.

"படுப்பீங்க."

"செடி வாடிருச்சுன்னா?"

"வாடும்."

தெய்வானைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு வந்தேனுங்க."

"பொய் வேணுமுன்னா சொல்றேன்."

கீரைக் காம்புகளை ஒரு கோழி வந்து கிளறியது. வஞ்சியம்மை அதை விரட்டவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"வாடுன செடியைப் புடுங்கிப் போட்டீங்க. நீங்க வாடிக் கெடந்தப்ப உங்களை என்ன பண்ணுனாங்க?"

தெய்வானையின் பார்வை வாசல் பக்கம் போயிற்று.

வாசலில் அவள் கணவர் சென்னியப்பன் மொபெட்டில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர்தான் கூட்டிவருவார். சாமியாரம்மா பேச்சு நமக்குப் புரியாது என்று உள்ளே மட்டும் வரமாட்டார். அவளுடைய மாத்திரைப் பை அவர் மடியில் இருந்தது.

தெய்வானை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, அந்தத் தொட்டி மண்ணெல்லாம் இன்னேரம் கல்லாட்டம் இறுகிப் போயிருக்குமுங்களா?"

"அது எதுக்கு இறுகுது? தெனமும் தண்ணி ஊத்திட்டுத்தான இருக்கறேன்."

"வெறும் மண்ணுக்கா?"

சென்னியப்பன் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"நீ எப்ப எந்திரிச்சு வருவீன்னு எனக்கென்ன தெரியும், அம்மணி?"